அக்கா அறைப் பூட்டைச் சரிசெய்த விவரம்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே என் இடது கட்டைவிரல் நீங்கலாக அனைவரும் நலம். ஆபரேஷன் முடிந்த தங்கள் வலது முழங்காலின் நலமறிய ஆவல். இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாத காரணத்தால் 'தாங்கள்' என்றே எழுதுகிறேன். முடிந்தவரை இப்படியே போகிறேன்.

பதினைந்து நாள் முன்பு தங்கள் மகன் போன் செய்தான். "மாமா, எங்க வீட்டுக்கு மூணு மாடி ஏறணும். அம்மாவால முடியாது. ஒரு மாசம் உங்க வீட்டுல இருக்கட்டுமா?" என்றான். இதெல்லாம் ஒரு கேள்வியா என்றேன். "அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போடுறாங்க. அந்த ரூம் கதவு உள்ளேயிருந்து பூட்டணுமாம். இல்லைன்னா வரமாட்டாங்களாம்" என்றான். நியாயம்தான். தாங்கள் அப்போது இங்கே வந்து தங்கியிருந்த அந்த அறையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ "நாக்குக்கு ருசியா ஒரு வாய் சாப்பிட்டு நாலு நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கள் தம்பி பெண்டாட்டி இவள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றதும், அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதும், மறுநாள் விடியுமுன் தாங்கள் பெட்டியோடு வாசலில் நின்றதும் நான் மறந்துவிடவில்லை. அதனால் அன்றைக்கே பூட்டில் கை வைத்தேன்.

பூட்டுக் கடைக்காரர் கேட்டவுடனே, "பழசைத் தூக்கிப் போடுங்க சார், புதுசு பத்து நிமிஷ வேலை" என்றார். புதுசுக்குக் கதவை இன்னும் இரண்டு விரல் அகலம் குடைய வேண்டும், அந்தக் கதவுச் சட்டம் அதைத் தாங்காது என்று எனக்குத் தோன்றியது, அதோடு பழைய பூட்டு நல்ல கனமான பூட்டு, அதற்கு ஒரே வியாதி நாக்கு வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததுதான், ஆகவே நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீரமாகத் திரும்பி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் திருகாணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த ஒவ்வொரு தடவையும் பூட்டுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஊசியால் சுரண்டிச் சுரண்டித் திருகாணியின் தலையைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போயிற்று. கைப்பிடியையும் தகட்டையும் சோடா மாவு போட்ட தண்ணீரில் கொதிக்கவிட்டால் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வரும் என்று படித்திருந்தேன். வந்தது. உள்ளே தங்க நிறத்தில் பித்தளை! சந்தோஷத்தில் கத்திவிட்டேன். இவள் ஓடி வந்து பித்தளையைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தாள். அது பால் காய்ச்சும் பாத்திரம்.

அடுத்த நாள் பூட்டின் வயிற்றைத் திறந்தேன். திறக்குமுன் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம், எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்று பின்னால் தெரிவதற்கு. எனக்கு ஞாபகசக்தி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். மூடியைத் தூக்கியதுதான் தாமதம், ஒரு சின்ன ஸ்பிரிங் என் காதோரம் விர்ரென்று பறந்துபோயிற்று. மூன்று நாள் தேடினோம். கடைசியில் இவள் வெளியே போகச் செருப்பு மாட்டியபோது, "ஐயோ, ஏதோ கடிச்சிடுச்சு!" என்று அலறினாள். ஸ்பிரிங் கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டு துண்டாக. பூட்டு ரிப்பேர்காரர் வேறொன்று வளைத்துக் கொடுத்தார். நான் அதற்குள் சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி வைத்திருந்ததைப் பார்த்து, "என்ன சார், பூட்டைத் தாளிச்சுட்டீங்களா?" என்றார். எண்ணெய் தூசியைப் பிடித்துக் களியாக்கிவிடுமாம், பென்சில் கரியைத் தூள் பண்ணித் தூவினால் போதுமாம். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு பென்சிலைச் சுரண்டித் தூவி, லொடலொடத்த திருகாணி ஓட்டைகளில் பசை தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, பூட்டைக் கதவில் ஏற்றினேன். சிக்கென்று உட்கார்ந்தது.

ஒரு சாட்சி வேண்டுமே என்று இவளையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினேன். நாக்கு 'டக்'கென்று வெளியே பாய்ந்தது. "பார்த்தியா!" என்றேன். "பார்த்தேன். திறங்க, அடுப்புல நீங்க போட்ட ரெண்டாவது கைப்பிடி கொதிக்குது" என்றாள். திருப்பினேன். சாவி சுற்றியது. மறுபடி சுற்றியது. பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது, நாக்கு மட்டும் அசையவில்லை. போன் இரண்டும் கூடத்தில். ஜன்னலில் கம்பி. தீய்கிற வாசனை வர ஆரம்பித்தது. இவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் மாடி வீட்டு டீச்சரம்மா, அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், துணி காயப்போடத் திறந்து வைத்திருந்த கொல்லைக் கதவு வழியாக ஓடி வந்து அடுப்பை அணைத்தார். பிறகு அறைக்கு வெளியே நின்று, "கீல் உங்க பக்கம்தானே இருக்கு? கீல் ஆணியைத் தட்டி எடுங்க! ஒன்னு, ரெண்டு, மூணு!" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் திருப்புளியைப் பிடித்துக்கொள்ள, இவள் சுத்தியலால் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நாலாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது.

இரண்டு ஆணி வந்தது. மூன்றாவது வரவில்லை. களைத்துப்போய் தங்கள் கட்டிலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் இவள் சொன்னாள்.

"ஏங்க, அன்னிக்கு நான் ஒட்டுக்கேக்கப் போனேன்னுதானே உங்க அக்கா நினைச்சிட்டிருக்காங்க?"

"அதை விடு இப்போ."

"ரெண்டு கையிலயும் காப்பித் தட்டு. கதவை எதால தட்டுறது? அண்ணின்னு கூப்பிட வாயைத் திறக்குறதுக்குள்ள முழங்கை பட்டு அது பாட்டுக்குத் திறந்துக்கிச்சு. பூட்டு மாட்டிக்க மாட்டேங்குதுன்னு அதுக்கு முன்னாடி ஆறு மாசமா உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்."

"சொன்னியா?"

"சொன்னேன். பார்க்கலாம்னீங்க."

நான் கட்டைவிரலை ஊதிக்கொண்டேன். அவளே, "அவங்க சொன்னதும் பொய்யில்ல. அந்த வாரம் ஜுரத்தோட சமைச்சேன். எனக்கே வாயில வைக்க விளங்கல. அதைச் சொல்லாம சண்டை போட்டேன்" என்றாள். அக்கா, இதற்குமேல் எனக்கு 'தாங்கள்' வரவில்லை. நீ கோபித்துக்கொண்டு போனதற்கும் காரணம் நான், இவள் இரண்டு வருஷம் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கும் காரணம் நான். நடுவில் நான் மட்டும் நல்லவன் மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வெளியே டீச்சரம்மா, "என்ன சத்தத்தையே காணோம்? உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒரே போடு போட்டாள். ஆணி எகிறியது, கதவு எங்கள் இரண்டு பேரையும் அணைத்துக்கொண்டு, உனக்காகப் புதிதாக விரித்திருந்த படுக்கையில் சாய்ந்தது.

பூட்டைத் திரும்பவும் திறந்து பார்த்தேன். ஒரு தகட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். சரிசெய்து, தச்சரைக் கூப்பிட்டுக் கதவையும் மாட்டியாயிற்று. இப்போது வெண்ணெய் மாதிரி பூட்டுகிறது, திறக்கிறது. சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் இனி ஒரு ஈ நுழையாது. நடந்ததை இவளாக உனக்குச் சொல்லமாட்டாள், ரோஷக்காரி. அதனால்தான் நான் எழுதுகிறேன். காலுக்குச் சிரமம் கொடுக்காமல், மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சீக்கிரம் வந்து சேர். அத்தான் உயிரோடு இருந்த காலத்தில் நீ செய்த மாதிரி என் தலையில் ஒரு குட்டு வைத்து ஆசீர்வாதம் பண்ணு.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போனால் இவள் கூடத்தில் போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். யாரோடு என்று பார்த்தால் உன்னோடு. நேற்றும் ஒரு மணிநேரம் பேசினீர்களாமே. காப்பித் தட்டு, ஜுரம், கட்டைவிரல் எல்லாம் உனக்கு முன்பே தெரியுமாம். நீ தடுக்கி விழுந்தால் ஆள் உள்ளே வர முடியாது என்பதால் ஆறு வாரத்துக்கு எந்தக் கதவையும் உள்பக்கம் பூட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், அதனால் கதவையே கழற்றிவிட்டு ஒரு திரை போட்டால் போதும் என்று முடிவு பண்ணிவிட்டீர்களாம். ஆகவே மேலே எழுதிய எதுவும் இனித் தேவையில்லை. நாலு பக்கம் எழுதிவிட்டதால் படித்து மட்டும் விடு. அப்படியானால் இந்தப் பூட்டைக் குளியலறைக் கதவில் மாட்டட்டுமா என்று கேட்டேன். போனுக்கு அந்தப் பக்கமிருந்து நீயும் இந்தப் பக்கமிருந்து இவளும் ஒரே குரலில் "வேண்டாம்!" என்றீர்கள்.