சந்தனப் பொட்டுக்குக் கீழே ஒரு பள்ளம்

தேங்காய் உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த கணம் எழுந்த ‘டங்’ என்ற சத்தம் சிவராசாவுக்கு மட்டும்தான் கேட்டது.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஐயர் மணியடித்துக்கொண்டிருந்தார். புத்தம்புது பிக்கப்பின் நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். மேலே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், பின்சில்லுக்கு மேலாகத் தொங்கும் சாமந்தி மாலை. கூடியிருந்தவர்கள் கற்பூரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிவராசா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தேங்காய்த் துண்டு பட்டு மாலை ஒருபக்கமாக விலகியிருந்தது. பின்சில்லுக்கு மேலே, பளபளக்கும் வெள்ளைத் தகட்டில், தோடம்பழம் ஒன்றை வைத்து அமுக்கியதுபோல ஒரு பள்ளம். பாதிச் சிரட்டை ஒன்றுமறியாத பிள்ளைபோலத் தரையில் கிடந்தது.

வேறு யாருடைய வாகனமாக இருந்தாலும் பரவாயில்லை. இது தங்கை சிவாஜினியின் கணவர் இரவிச்சந்திரனுடையது. அவரும் சிவராசாவும் ஐந்து வருடமாகப் பேசாமல் இருந்தவர்கள்.

இரவிச்சந்திரனுக்குத் தொழில், வீடுகளுக்கு மரத்தளம் போடுவது. புறநகர் கர்க்லாண்டில் அவர் வாங்கிய வீட்டுக்குத் தன் கையாலேயே தளம் போட்டிருந்தார். புதுவீட்டுக் குடிபூரல் அன்று பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று தானாக உருண்டு சமையலறை வரைக்கும் போனது. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. சிவராசாவும் சும்மா இருந்திருக்கலாம். “மச்சான், உம்மட நிலம் சரிஞ்செல்லோ கிடக்கு” என்று சொல்லிவிட்டார். விருந்துக்கு வந்த முப்பது பேரில் எட்டுப் பேர் இரவிச்சந்திரனிடம் தளம் போடக் கேட்டு வைத்திருந்தவர்கள். எட்டுப் பேரும் கை கழுவிச் சாப்பிட்டதோடு சரி, தளம் போடும் பேச்சை எடுக்கவில்லை.

அன்றோடு போக்குவரத்து நின்றது. சிவாஜினி தீபாவளிக்குத் தீபாவளி ஒளித்துக் கொண்டுவந்து தரும் பலகாரப் பை ஒன்றுதான் இரண்டு வீட்டுக்கும் பாலமாக இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் வியாழக்கிழமை பின்னேரம் தானாகவே போன் எடுத்தார். சனிக்கிழமை புது வாகனத்துக்குப் பூசை என்றார். “நீர்தான் வந்து தேங்காய் உடைக்கோணும், மச்சான். வேற ஒருத்தரும் சரிவராது.” போனை வைத்த பிறகு சிவராசாவின் கண்கள் கலங்கியதை மனைவி தாட்சாயினி பார்த்தாள். வெங்காயம் உரித்ததாகச் சொன்னார். அவர் கையில் வெங்காயம் இருக்கவில்லை.

தேங்காயை வாகனத்துக்கு முன்னால் உடைப்பதுதான் வழக்கம். இரவிச்சந்திரன்தான் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பின்பக்கமாக நிறுத்தினார். “முன்னுக்கு லைட்டுகள் எல்லாம் இருக்கு. இஞ்சை நிண்டு உடையும். பயந்து பயந்து அடிக்காதையும், ஓங்கி அடியும்.”

ஓங்கித்தான் அடித்தார்.

இப்போது யோசிக்க நேரமில்லை. ஐயரின் தட்டில் குழைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஒரு கைப்பிடியை அள்ளினார் சிவராசா. பள்ளத்தில் அப்பினார். நடுவில் குங்குமத்தை வைத்தார். சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு பொட்டு. இரவிச்சந்திரன் சுற்றிக்கொண்டு வந்து அதைப் பார்த்தார், பிறகு சிவராசாவைப் பார்த்தார்.

“நல்ல பெரிய பொட்டு, மச்சான். அப்படியே இருக்கட்டும்.”

இருந்திருக்கும், மழை பெய்யாவிட்டால். ஞாயிற்றுக்கிழமை வானம் கறுத்ததும் சிவராசா கர்க்லாண்டுக்குப் போன் எடுத்தார். குளிர்பெட்டி ஒன்று ஏற்றவேண்டும், பிக்கப்பை இரண்டு நாளைக்குத் தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேலைக்கென்று வாங்கிய வாகனம். வாங்கி ஐந்து நாள்கூட ஆகவில்லை. ஆனால் இரவிச்சந்திரன் ஒரு கேள்வி கேட்கவில்லை. “ஆறுதலா வைச்சிரும். ஒரு கிழமைக்கு எனக்குத் தேவையில்லை” என்றார்; வீட்டுக்குப் போனதும் வாகனத் திறப்பைக் கொடுத்தார்.

“தங்கமான மனிசன்” என்றார் சிவராசா, செயின்ட்-மிஷேலில் தன் வீட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்திவிட்டு.

தாட்சாயினி மழையில் கரைந்த சந்தனத்தையும் அதன் கீழே தெரிந்த பள்ளத்தையும் பார்த்தாள். “இஞ்சருங்கோ, உள்ளதைச் சொல்லிப்போட்டுத் திருத்திக் குடுங்கோ. அவர் கோவிச்சால் கோவிக்கட்டும்.”

“ஐஞ்சு வருசத்துக்குப் பிறகு என்னை நம்பி ஒரு தேங்காயைத் தந்தவன். அதையும் என்னால ஒழுங்கா உடைக்கத் தெரியேல்லை எண்டு சொல்லச் சொல்லுறீரோ? பேந்து சிவாஜினி என்ரை வாசல்படி மிதிப்பாளோ?”

மேல்மாடியில் குடியிருந்த கீர்த்திகன் இறங்கி வந்தான். யூடியூப்பில் பார்க்காத வைத்தியம் இல்லை அவனிடம். பள்ளத்தைத் தடவிப் பார்த்து, ஐந்து நிமிட வேலை என்றான்.

முதலில் பெரிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தான். பள்ளத்தில் ஒட்டவைத்து வெளியே இழுப்பது திட்டம். காந்தம் தகட்டில் ஒரு கணம்கூட நிற்காமல் வழுகி, நேராகச் சிவராசாவின் காலில் விழுந்தது. பிக்கப்பின் உடம்பு அலுமினியம், அதில் காந்தம் பிடிக்காது என்பது அப்போதுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது, சிவராசாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

பிறகு கொதிநீர் ஊற்றி, கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை வைத்து இழுத்தார்கள். பள்ளம் அசையவில்லை. அதைச் சுற்றி வட்டமாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. தாட்சாயினியின் தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி ஐஸ்கட்டி வைத்தார்கள். மெஷின் எரிந்துபோனது. தாட்சாயினி அதைக் கொண்டுபோய் அவருடைய தலையணையில் வைத்தாள்.

“உள்பக்கத்தால தட்டினால் வெளியில வந்திடும், அண்ணை” என்றான் கீர்த்திகன் கடைசியாக.

வந்தது. நாலு தட்டுக்கு ஒன்றுமில்லை. ஐந்தாவது தட்டில் பள்ளம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு முளைத்தது. அதன் உச்சியில் வெள்ளைப் பெயின்ற் சிலந்திவலைபோல வெடித்தது. கீர்த்திகன் தனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றான். அன்று அவனுக்கு லீவு.

மறுநாள் சிவராசா தெருமுனையில் இருந்த திருத்தும் கடைக்குப் போனார். கடைக்காரர் பொன்ஜூர் சொல்லி, விரலால் தட்டிப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொடமாட்டாராம். இரும்புத் தகடென்றால் அடித்து நிமிர்த்தலாம், அலுமினியம் இழுபட்டால் திரும்பாது என்றார். அதற்கென்று தனி அறை வேண்டும், தனிச் சுத்தியல் வேண்டும், இரும்புத்தூள் பட்டால் அரிக்கத் தொடங்கிவிடும். அப்படித் தனி அறை வைத்திருக்கும் கடை, அவருக்குத் தெரிந்து ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒன்றுதான்.

சிவராசாவின் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்கவேண்டும். ஆறுதலாக ஒன்று சொன்னார். இந்த ஊரில் பனிக்கு வீதியில் கொட்டும் உப்பு இரும்பு வாகனத்தைப் பத்து வருடத்தில் தின்றுவிடும், இந்த உடம்பை ஒன்றும் செய்யாது, இருபது வருடமானாலும் துருப்பிடிக்காமல் இப்படியே நிற்கும் என்றார்.

சிவராசாவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. இரும்பாக இருந்தால் குற்றமும் சாட்சியும் சேர்ந்து துருப்பிடித்துப் போயிருக்கும். இதுவோ இருபது வருடத்துக்கு நின்று, மச்சானின் வாசலில் காலையும் மாலையும் தன் பெயரைச் சொல்லும்.

வெள்ளிக்கிழமை பாண் சுடும் பேக்கரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடந்தார். தாட்சாயினியும் கூட வந்தாள். அவர் தனியாகப் போனால் இன்னும் யாரையாவது தட்டச் சொல்லுவார் என்று அவளுக்குப் பயம்.

லொங்குய்க் கடை ஆஸ்பத்திரிபோல இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வெள்ளை உடை போட்ட ஒருவர் வேறொரு வாகனத்தின் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்து, மேட்டையும் வெடிப்பையும் அளந்து, ஒரு தாளில் எழுதி உள்ளே கொடுத்தார். கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் கயல் என்று பெயர் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை, பகுதிநேர வேலை.

பக்கவாட்டுத் தகடு முழுவதையும் வெட்டியெடுத்துப் புதிதாகப் பசையும் ஆணியும் போட்டுப் பொருத்தவேண்டும், பெயின்ற்றோடு நாலாயிரத்து இருநூறு டொலர் என்று அவள் மெல்லச் சொன்னாள். அதைவிட மெல்ல எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தாட்சாயினி சுவரைப் பார்த்தாள். சிவராசா பங்குனியில் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த காசை நினைத்தார். பிறகு கோயிலில் தன் கையைப் பிடித்து அழைத்துப்போன மச்சானின் கையை நினைத்தார். பங்குனி வருடா வருடம் வரும். மச்சான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

“செய்யுங்கோ பிள்ளை” என்று வங்கி அட்டையை எடுத்து கவுண்டரில் வைத்தார்.

கயல் இலக்கத்தகட்டின் எண்ணைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

“அங்கிள், இந்த வண்டிக்கு நாங்க ஏற்கெனவே விலை போட்டுக் கொடுத்திருக்கோமே. போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம். இதே இடம்தான். அப்போ பள்ளம் மட்டும்தான் இருந்துச்சு, இந்த மேடு இல்ல.”

சிவராசா விரல் மடக்கி எண்ணினார். வியாழன் மத்தியானம். போன் வந்தது வியாழன் பின்னேரம். தேங்காய் உடைத்தது சனி. மறுபடி ஒருமுறை எண்ணினார், அதே கணக்குத்தான் வந்தது. ஆறு நாளாக நெஞ்சுக்குள் கிடந்த முழுத்தேங்காய் ஒன்று மெல்ல உருண்டு, குடிபூரல் வீட்டு எலுமிச்சம்பழம்போல எங்கோ போய் ஒழிந்தது. அவர் வங்கி அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தார். மெஷின் எரிந்த பிறகு தாட்சாயினி முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“கொண்டுவந்தவர் என்ன சொன்னவர், பிள்ளை?”

“டீலர்கிட்டேருந்து எடுத்துட்டு வர்ற வழியிலேயே கடை வாசல்ல தள்ளுவண்டி இடிச்சிருச்சாம், வீட்டம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னார். எப்போ திருத்தக் கொண்டு வர்றீங்கன்னு கேட்டேன் அங்கிள். ‘சனிக்கிழமை என் மச்சான் இந்தப் பக்கமா நின்னு ஒரு தேங்காய் உடைப்பார், அதுக்கப்புறம் அவரே கொண்டு வருவார்’னு சொல்லிட்டுப் போனார், நான் அது ஏதோ உங்க ஊர் வேண்டுதல்னு நினைச்சேன்.”