செக்‌ஷன் அண்ணாச்சியின் நாலு மேஜை

தூத்துக்குடியில் ஒரே ஓர் ஆளைத் தேடிப் போய், நாலு பேரைப் பார்த்து, நாலு பேரிடமும் பேச்சு வாங்கி, கடைசியில் ஒருவரையுமே பார்க்காதவன் போலத் திரும்பி வர முடியும் என்றால், அது செக்‌ஷன் அண்ணாச்சியின் ரேடியோக் கடையில் மட்டும்தான். நான் அப்படித் திரும்பி வந்தது ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. என் செருப்புக்கு அந்தக் கடைக்கு வழி தெரியும். எனக்குத்தான் உள்ளே போனபின் வழி தெரியாது.

உலக யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அண்ணாச்சியின் கடை நீளமான ஒற்றை அறை. அதில் வரிசையாக நாலு மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: விசாரணை, விற்பனை, ரிப்பேர், புகார். நாலு மேஜைக்கும் நாலு நாற்காலி. நாலு நாற்காலிக்கும் ஒரே அண்ணாச்சி.

கடை வைப்பதற்கு முன்னால் அவர் இருபது வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பியூனாக இருந்தவர். ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொரு செக்‌ஷனுக்குச் சீட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. அந்த இருபது வருஷத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை என்னவென்றால், கேட்ட கேள்விக்குக் கேட்ட இடத்திலேயே பதில் கிடைத்தால் அது பெட்டிக்கடை. கிடைக்காவிட்டால் அது கம்பெனி. தம்முடைய கடை பெட்டிக்கடை ஆகிவிடக் கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

முதல் நாள் நான் ரேடியோ வாங்கப் போனேன். விசாரணை மேஜையில் காதில் பென்சிலோடு அண்ணாச்சி. முகமெல்லாம் சிரிப்பு.

“வாரும்வே! என்ன வேணும்?”

“ஒரு ரேடியோ வேணும் அண்ணாச்சி.”

“பேஷா! நம்மகிட்ட ஏழு தினுசு இருக்கு.”

“பாக்கலாமா?”

“பாக்கது விற்பனை செக்‌ஷன். அங்கன போரும்.”

நான் அடுத்த மேஜைக்குப் போனேன். நாற்காலி காலி. அண்ணாச்சி எழுந்தார், பென்சிலை எடுத்து வைத்தார், நடந்து வந்தார், உட்கார்ந்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டினார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“யாரு? என்ன வேணும்?”

“அதான் இப்ப சொன்னேனே அண்ணாச்சி.”

“எங்கிட்டயா? எப்ப?”

“அங்கன வச்சு.”

“அங்கன சொன்னது அங்கன உள்ளவனுக்குத்தானவே கேக்கும்? சீட்டுக் கொண்டாந்தீரா?”

சீட்டு இல்லை. மறுபடியும் விசாரணை மேஜைக்குப் போனேன். எனக்குப் பின்னாலேயே அண்ணாச்சியும் வந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “வாரும்வே! என்ன வேணும்?” என்றார். அதே சிரிப்பு. சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு விற்பனைக்கு வந்தேன். கண்ணாடிக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“ஏழு தினுசா? எவன் சொன்னான்?”

நான் விரலை நீட்டினேன். அந்த நாற்காலி காலியாக இருந்தது.

“அவன் வாய்க்கு வந்ததச் சொல்லுவான். இருக்கது ரெண்டே ரெண்டு. ரெண்டும் ஒரே தினுசு. ஒண்ணு வாசல்ல பாடிக்கிட்டு இருக்கு, அது விக்கதுக்கு இல்ல. மத்தது இந்தா இருக்கு. வேணுமா, வேண்டாமா?”

வாங்கினேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். வெளியே வரும்போது விசாரணை அண்ணாச்சியிடம், “அவரு உங்களப் பத்திச் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீய” என்று சமாதானம் வேறு சொல்லிவிட்டு வந்தேன். “அவன் குணம் எனக்குத் தெரியாதா?” என்று அவர் பெருமூச்சு விட்டார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் நான் யாரிடம் யாருக்காக மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. அதற்கப்புறம் மீன் மார்க்கெட்டில் அண்ணாச்சி எதிரே வந்தால், எந்த செக்‌ஷனுக்கு வணக்கம் வைப்பது என்று தெரியாமல் விளமீனை விலை கேட்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

ரேடியோ மூன்று நாள் பாடியது. நாலாம் நாள் கருகிய வாடை ஒன்றை விட்டுவிட்டு ஊமையாகிவிட்டது.

சாதாரண நாளாக இருந்தால் நானும் அதோடு சேர்ந்து ஊமையாகியிருப்பேன். ஆனால் அந்த ரேடியோவை நான் வாங்கியதே என் மாமியாருக்காக. அவர்களுடைய ஒரே மகன், என் மைத்துனன் சாமுவேல், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தோணி ஏறிக் கொழும்புக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கடுதாசி இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் உயிரோடு இல்லை என்று மாமியார் தம் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து தோணி ஓட்டி வந்த ஒரு தண்டல், “சாமுவேலு கொழும்பு ரேடியோவுல பாடுதான். அடுத்த வார ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் இருந்த நாசரேத்துக்கு ஆள் அனுப்பினோம். மாமியாரின் பதில் வந்தது: “ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாவ. எங்காதால அவன் சத்தத்தக் கேட்டாத்தான் நம்புவேன். வாரேன்.”

செவ்வாய்க்கிழமை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நேரே புகார் மேஜைக்குப் போனேன். புகார் அண்ணாச்சியை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகம்.

“மூணே நாள்லயா! அய்யய்யோ! எந்தப் பாவிவே இத உம்ம தலையில கட்டுனது?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

“நானா? நான் புகாருல்லா! விக்கவன் அங்கன இருக்கான்.” எட்டிப் பார்த்தார். “ஆளக் காணமே. சாப்பிடப் போயிருப்பான். இருக்கட்டும், அவன நான் விடுதாப்ல இல்ல.”

ஒரு தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதினார். ‘இப்படிப்பட்ட சாமானை விற்றதற்குக் காரணம் சொல்லவும்.’ எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய் விற்பனை மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, அதைப் படித்தார். முகம் சிவந்தது. என்னைப் பார்த்து, “போட்டுக் குடுத்துட்டீராக்கும்?” என்றார். பதில் எழுதினார். ‘விற்கும்போது நன்றாகப் பாடியது. வாங்கியவரின் காதைச் சோதிக்கவும்.’ திரும்பி வந்து அதைப் படித்த புகார் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். “பாத்தீராவே அவன் திமிர! இவன்கூட இத்தன வருசமா எப்படிக் குப்ப கொட்டுதேன்னு எனக்குத்தான் தெரியும்.”

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது. அதுதான் என் கெட்டகாலம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் கடிதப் போக்குவரத்து நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் என் ரேடியோவுக்கு ரிப்பேர் மேஜையில் இடம் கிடைத்தது. ரிப்பேர் அண்ணாச்சி தலையில் துண்டைக் கட்டியிருந்தார். வாயைத் திறக்கவே மாட்டார். பின்பக்க அட்டையைக் கழற்றினார், மோந்து பார்த்தார், உள்ளே கருகியிருந்த ஒரு கண்ணாடிக் குழலை விரலால் சுண்டினார்.

“வால்வு போச்சு.”

“மாத்திரலாமா அண்ணாச்சி?”

“மெட்ராஸ்லருந்து வரணும். ஒரு மாசம்.”

“ஐயோ, எனக்கு ஞாயித்துக்கிழம வேணுமே!”

“நாள் சொல்லது விசாரணை செக்‌ஷன்.”

விசாரணைக்கு ஓடினேன். அண்ணாச்சி துண்டை அவிழ்த்து, பென்சிலைச் செருகி, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். “வாரும்வே! என்ன வேணும்?”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷக் கதையைக் கொட்டிவிட்டேன். மைத்துனன் போனது, கடுதாசி வராதது, மாமனார் போனது, மாமியார் நாளைக்கு பஸ்ஸில் வருவது, எல்லாவற்றையும். அண்ணாச்சி பென்சிலை எடுத்துச் சீட்டில் எழுதப் போனார். எழுதவில்லை. விற்பனை மேஜையைப் பார்த்தார். ரிப்பேரைப் பார்த்தார். புகாரைப் பார்த்தார்.

“இத எந்த செக்‌ஷனுக்கு அனுப்பதுன்னு தெரியலையேவே” என்றார், மெதுவாக. சிரிப்பு நின்றுபோயிருந்தது.

எந்த செக்‌ஷனுக்கும் அனுப்பாமல் கடையைச் சாத்தினார்.

சனிக்கிழமை மாமியார் வந்து இறங்கினார்கள். ரேடியோ எங்கே என்று கேட்டதற்கு, “துடைக்கக் குடுத்திருக்கு, வந்துரும்” என்று ஒரு பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் ரேடியோ இல்லாத மேஜைக்கு எதிரே பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவி ஞானம் அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வால்வு போயிருக்கும்.

“மருமவனே, மணி என்ன?”

“நாலு.”

“ரேடியோ துடைக்கதுக்கு இம்புட்டு நேரமா?”

நாலரை. ஐந்து. ஐந்தரை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் என் ரேடியோ. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

“அண்ணாச்சி!”

“யாரு அண்ணாச்சி? நான் டெலிவரி செக்‌ஷன். இந்த வீட்டுல குமாஸ்தா ஆரு?”

அப்படி ஒரு செக்‌ஷன் இருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. “நான்தான்” என்றேன்.

“கையெழுத்துப் போடும்.”

போட்டேன். அவசரத்தில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. ரேடியோவை மேஜைமேல் இறக்கிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் வயரைச் செருகி, குமிழைத் திருகினேன். கரகரவென்று சத்தம். முள் எங்கே போனாலும் கரகர. மணி ஆறாக ஐந்து நிமிஷம்.

“அண்ணாச்சி, கொஞ்சம் வந்து பாருங்களேன்!”

“டெலிவரி செக்‌ஷன் சாமானத் தொடக் கூடாதுவே. ரூல் இருக்கு.”

“ஏலே!” என்று பாயிலிருந்து என் மாமியாரின் குரல் எழுந்தது. “எம்பிள்ள சத்தத்தக் கேக்க நாசரேத்துலருந்து வந்திருக்கேன். ரூலாம்லா ரூலு! உள்ள வாலே!”

அண்ணாச்சியை ‘ஏலே’ என்று கூப்பிட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் சும்மாட்டை உதறி, அந்தத் துண்டையே தலையில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ரிப்பேர் செக்‌ஷன்! வாயில் ஆணிகளைக் கவ்வியிருக்கும் தச்சனைப்போல உதட்டை இறுக மூடிக்கொண்டு குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். கரகரப்புக்கு நடுவே யாரோ தமிழில் நேரம் சொன்னார்கள். பிறகு சாமுவேலின் பெயரைச் சொன்னார்கள்.

பாடினான். பேர் சொன்னபிறகும் மாமியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உலகத்தில் எத்தனையோ சாமுவேல். குரலும் நாலு வருஷத்தில் கட்டைக் குரலாகியிருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு முன்னால், ரேடியோவுக்குள் யாரோ இரண்டு தடவை இருமினார்கள். சின்ன இருமல், பெரிய இருமல்.

மாமியார் பாயிலிருந்து எழுந்துவிட்டார்கள்.

“அவந்தான்! எம்பிள்ள இருமலுதான்! ஏலே சாமுவேலு, மழையில நனைஞ்சியாலே? தலையத் துவட்டமாட்டியாலே?” என்று ரேடியோவைப் பிடித்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாவது பாட்டு முழுக்கத் திட்டுதான். நான் அதில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஞானம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்றும் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் மாமியார் அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்கள். “ஏன் தம்பி, நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்குமா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அதுக்குன்னு ஒரு செக்‌ஷன் இருக்கும்மா” என்றார். “நீங்க சொன்னத அப்படியே எழுதி அனுப்பிருதேன். தலையத் துவட்டணும். அவ்வளவுதான?”

“கடுதாசி போடணும்னும் எழுது.”

“எழுதுதேன்.”

மறுநாள் ஆபீசுக்குப் போகுமுன் நன்றி சொல்லலாமென்று கடைக்குப் போனேன். வாசலில் எப்போதும் பத்து வண்டிக்காரர்கள் நின்று திருச்சி ரேடியோச் செய்தி கேட்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. விற்பனைக்கு இல்லை என்று சொன்ன அந்த ரேடியோ பின்பக்க அட்டை இல்லாமல், வாய் பிளந்து, சத்தமில்லாமல் இருந்தது. உள்ளே ஒரு குழி காலி. ரிப்பேர் மேஜையும் காலி. புகார் அண்ணாச்சி கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ரிப்பேர் அண்ணாச்சி எங்க?” என்றேன்.

“சஸ்பெண்ட்.”

“என்னது!”

“கேக்காம கொள்ளாம கடை ரேடியோவுலருந்து வால்வ உருவி எவனுக்கோ போட்டுக் குடுத்துட்டான்வே. இனி மெட்ராஸ்லருந்து வார வரைக்கும் நம்ம வாசல்ல பாட்டு கிடையாது. ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா? ஒரு மாசம் அவன் அந்த நாக்காலியில உக்காரக் கூடாதுன்னு எழுதிட்டேன்.”

அவர் எழுதினால் எழுதினதுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாத்தியார் பழுதான பெட்டியோடு வந்து, ரிப்பேருக்கு ஆள் இல்லை என்று திரும்பிப் போனார். அண்ணாச்சி அந்தக் காலி நாற்காலியை ஏக்கத்தோடு பார்த்தாரே தவிர, பக்கத்தில் போகவில்லை.

நான் அங்கேயே ஒரு தாள் வாங்கி உட்கார்ந்து மனு எழுதினேன். குமாஸ்தா உத்தியோகத்தில் நான் எழுதிய ஆயிரம் கடிதங்களில் அத்தனை உருக்கமாக ஒன்றும் எழுதியதில்லை. அந்த ஊழியர் நல்லவர், குற்றம் முதல் குற்றம், ஒரு தாயின் பொருட்டுச் செய்தது, கனம் பொருந்திய புகார் செக்‌ஷன் அவர்கள் மன்னித்து அவரைத் திரும்ப வேலையில் அமர்த்த வேண்டியது. கையெழுத்தை இந்தத் தடவை ஒழுங்காகப் போட்டேன்.

அண்ணாச்சி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். பேனாவைத் தொட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“மனுப் போடுதவருக்கும் அந்த ரிப்பேர்க்காரனுக்கும் என்ன உறவுன்னு எழுதணும்வே. அவன் உமக்கு ஆரு?”

“சொந்தந்தான் அண்ணாச்சி” என்றேன். “அப்படியே எழுதிக்கிடுங்க.”