புகாரில்லாப் பொற்காலம்

நெருப்பை மூட்டக் கற்ற பிறகு மனித குலம் செய்த மகத்தான காரியம், அடுத்தவனின் இணையத்தை அணைக்கக் கற்றதுதான். இந்த மகத்துவம் ஒரு பொம்மைக் கம்பெனியில் அரங்கேறியபோது, அதை நடத்தி வைத்த கை அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுடையது. எல்லாருக்கும் அவள் ‘சிஸ்டம் அக்கா’.

ஊழியர்கள் வேலை நேரத்தில் கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறார்கள் என்பது மேலாளரின் தீராத மனக்குறை. கூட்டம் கூட்டினார். மேசையைத் தட்டினார்.

“எல்லாரோட இன்டர்நெட்டும் ஒரே மெஷின் வழியாத்தான் போகணும். வேண்டாததை அது நிறுத்தணும். அதுக்கு என்னமோ பேரு சொன்னீங்களேம்மா?”

“ப்ராக்ஸி சார். எந்த வார்த்தை இருக்கற பக்கத்தை நிறுத்தணும்னு சொல்லிட்டாப் போதும்.”

“‘விளையாட்டு’. அது எங்க இருந்தாலும் நிறுத்துங்க.”

“சார், நாம விக்கறதே விளையாட்டுச் சாமான்...”

“ஏம்மா, நான் என்ன விளையாட்டுக்கா சொல்றேன்?”

பெரிய இடத்து வம்பு எதற்கென்று அக்கா வாயை மூடிக்கொண்டாள். அன்று மாலையே இணையமும் மூடிக்கொண்டது.

ப்ராக்ஸி நந்தி போலக் குறுக்கே நின்று கடமையாற்றியது. குழந்தைகளுக்கு எந்தப் பொம்மை பிடிக்கும் என்று வடிவமைப்பாளர் தேடினார்: ‘தடுக்கப்பட்டது’. விற்பனைக்காரர் கம்பெனியின் சொந்த வலைத்தளத்தைத் திறந்தார்: ‘தடுக்கப்பட்டது. இது உங்கள் பணிக்குத் தொடர்பற்றது’. ஆட்சேபம் இருந்தால், வாடிக்கையாளர்கள் எழுதும் அதே புகார்ப் பக்கத்தில் எழுதலாம் என்று சலுகையும் இருந்தது. அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘விளையாட்டுப் பொருள் குறைதீர்ப்பு’. ஆகவே அதுவும் திறக்கவில்லை. குறைகள் தீர்ந்தன.

புகார்ப் பிரிவு எழுத்தர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“பக்கமே திறக்கலக்கா. புகார் ஏதுமில்லன்னு மேல அனுப்பிட்டேன்.”

“திறக்கலன்னு எழுத வேண்டியதுதானே?”

“அறிக்கையில அதுக்குக் கட்டம் இல்லையே!”

அக்கா மேலாளரிடம் ஓடினாள்.

“சார், புகார்ப் பக்கத்தை மட்டும் திறந்து விட்டுடட்டுமா?”

“புகாரே வராதப்போ பக்கம் எதுக்கும்மா?”

தர்க்கம் எஃகு போல் இருந்தது. அக்கா திரும்பி வந்தாள். ‘புகாரில்லாப் பொற்காலம்’ என்று பெயரிட்டு விழாவுக்கு ஏற்பாடாயிற்று. மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தபோது வரவேற்பறையில் ஒரே சத்தம். அக்கா எட்டிப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். விவரம் கேட்டதும், அக்கா அவளை மேடைக்கே கூட்டி வந்துவிட்டாள்.

அந்தத் தாய் ஒரு கார் பொம்மையையும், தனியே அதன் சக்கரத்தையும் மேசையில் வைத்தாள்.

“இது கழண்டு என் புள்ள தொண்டையில சிக்கிடுச்சு. முதுகுல தட்டித் தட்டி வெளிய எடுத்தேன். போன உசிரு திரும்பி வந்துச்சு. உங்களுக்கு எத்தனை தடவைதான் எழுதறது?”

“எழுதினீங்களா? எங்களுக்கு ஒண்ணும் வரலையே!” என்றார் மேலாளர், பெருமையோடு.

குழந்தை சிரித்தபடி சக்கரத்தை நோக்கிக் கை நீட்டியது. அக்கா வெடுக்கென்று அதை எடுத்து மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்த விரல்கள் அவளுக்கே அருவருப்பாயின. யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்த் தடையை எடுத்தாள்.

பக்கம் திறந்தது. சக்கரம் கழன்றது, சக்கரம் கழன்றது என்று வீடு வீடாகக் கதறல். எழுத்தர் படிக்கப் படிக்க வெளுத்துப் போனார். அக்கா தொலைபேசியை எடுத்தாள். அந்தக் காரை விற்ற கடைகளையெல்லாம் கூப்பிட்டு, “உடனே எடுத்து உள்ள வைங்க, விக்காதீங்க” என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

மாலையில் மேலாளர் அழைத்தார். அவர் குரல் உண்மையான வேதனையில் தழுதழுத்தது.

“புகாரே இல்லாம இருந்த கம்பெனிம்மா இது! ஒரே மத்தியானத்துல இத்தனை புகாரை உண்டாக்கிட்டீங்களே. நம்மள நம்பி எத்தனை குழந்தைங்க இருக்காங்கன்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?”

யோசித்திருந்தாள். அவள்மீது நிரூபணமான குற்றம் அது ஒன்றுதான்.