அப்பா எனக்குப் போட்ட அரைப்பேர்

ஹட்டன்
14.06.2003

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி சின்னராசா எழுதுவது. கொழும்பில் சுகமாகத்தான் இருப்பீர்கள். அம்மா செத்த எட்டாம் நாள் பஸ் ஏறியவருக்குச் சுகத்துக்கு என்ன குறை? இங்கே முதியோர் இல்லத்தில் நம் அப்பா நான்கு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் இல்ஹாம் மனச்சோர்வு என்று குளிசை எழுதினார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை, நானும் என் வாத்தியார் கையெழுத்தில் மூன்று புகார்க் கடிதம் அவரிடம் கொடுத்தேன்.

நாலாவது வாரம் நடந்ததைக் கேளுங்கள்! காலையில் குளிசை கொடுக்க நர்ஸ் பேர் வாசிக்கிறாள், ஒருவரும் கட்டிலை விட்டு எழும்பவில்லை. திடீரென்று அப்பா கம்பளியோடு எழுந்து நின்று, "என்னா பெரட்டு இது? ஆறு மணியாச்சு, ஒருத்தரையும் காணோம்!" என்று கத்தினாராம். அவ்வளவுதான், தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் காலைப் பெரட்டுக்கு ஆறு மணிக்கே வந்து வேலைக்குப் பேர் கொடுத்த அத்தனை பேரும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். மறுநாளே அப்பா எழுத ஒரு கொப்பி கேட்டு வாங்கி, ஆள் எண்ணிப் பேர் பதியும் பழைய கணக்கப்பிள்ளையாகவே மாறிவிட்டார். குளித்து, சாப்பிட்டு, கேட் வரை நடந்தால், முழுநாள் கூலிக்குப் போடுவதுபோல் முழுப்பேர். பாதியில் போய்ப் படுத்தால், அரைநாள் கூலிபோல் அரைப்பேர். இரண்டு வருடம் படுத்தே கிடந்த வீரம்மா இப்போது கேட்டைத் தொட்டுவிட்டு வந்து சண்டை போடுகிறாள்.

"அறுபத்தெட்டுல மழையில கொழுந்து எடுத்ததுக்கே அரைப்பேரு போட்டீங்க. இங்கயுமாங்க ஐயா?"

"கேட்டைத் தொட்டியா, இல்ல பார்த்துட்டு வந்தியா?"

"தொட்டேங்க! கையப் பாருங்க, துரு!"

நோயாளியை வேலை வாங்குகிறார்கள் என்று டாக்டரிடம் சீறினேன். "மருந்தும் வேலை செய்யுது, பெரட்டும் வேலை செய்யுது மாஸ்டர், ரெண்டையும் நிப்பாட்ட மாட்டேன்" என்று சிரிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போனபோது அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான்கு மாதம் தினமும் சோறு ஊட்டிய மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "லேட்டு. அரைப்பேரு." அத்தனை பேர் முன்னால்! வீரம்மா கைதட்டினாள்!

ஆகவே அண்ணா, அடுத்த சனிக்கிழமை வந்து அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போங்கள். என்னால் முடியாது. அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களால் மறக்கப்பட்ட தம்பி,
சின்னராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நாலாவது புகாரோடு டாக்டரிடம் போனேன். தூக்கம் வருகிறதா, கடைசியாக எப்போது சிரித்தேன் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னேன், பெரும்பாலும் உங்களைப் பற்றி. எனக்கும் ஒரு குளிசை எழுதிவிட்டார். இன்று ஆறு மணிக்கு முன்பே வரிசையில் நின்றேன். அப்பா முதல் பேராக என் பேரைக் கூப்பிட்டார். வீரம்மாவோடு கேட் வரை போய் வந்தேன். முழுப்பேர் விழுந்தது அண்ணா! நீங்கள் அப்பாவைக் கூட்டிப்போக வரவேண்டாம். சும்மா வருவதானால் காலை ஆறு மணிக்கு முன் வாருங்கள். கொப்பியில் உங்கள் பேரும் இருக்கிறது. தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறார்.