கறுப்புத்திரை அண்ணனின் கடவுச்சொல்

உலகத்திலேயே ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கறுப்புத்திரை அண்ணன்தான். இதை அவரே வாரம் தவறாமல் எங்களிடம் சொல்லுவார்.

லிங்கி என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸ். அங்கே நான் கணக்கெழுதும் கிராணி, அவர் கணினி அதிகாரி. மவுஸைத் தொட்டால் தீட்டு என்பதுபோல் ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லா வேலையையும் கறுப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டித்தான் செய்வார். லீவு விண்ணப்பமும் அதில்தான்.

இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் மனிதர் புலி. புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள், "இதுக்குத்தான் ஃப்ரீ வெப்சைட் இருக்கே, அதுல போடுங்கலா" என்றார். அண்ணன் எழுந்து போய் மேனேஜரின் இணையக் கம்பியையே பிடுங்கிவிட்டார்.

"சான்றிதழோட சாவியும் இந்த ஃபைல்லதான் இருக்கு பாஸ். ஒங்க வீட்டுச் சாவிய பாசார்ல எவன்கிட்டயாவது குடுப்பீங்களா?"

அதன்பிறகு மேனேஜர் வெப்சைட் பேச்சே எடுக்கவில்லை.

மாற்றும்போது கோப்பின் கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். "எல்லாரும் சொவரப் பாருங்க!" என்பார். மேனேஜர் உட்படத் திரும்பி நிற்போம். அந்தத் திரையில் கடவுச்சொல் அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது என்பது ஒரு பக்கம். ஒவ்வோர் எழுத்தையும் அண்ணன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார் என்பது இன்னொரு பக்கம். பெரிய ஏ, எம், எஸ் என்று ஆரம்பித்து 'அம்சவேணி', கடைசியில் இரண்டு நட்சத்திரம். அம்சவேணி அவர் மனைவி. அந்த அம்மாவை அவர் "இந்தா" என்று கூப்பிட்டுத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். கடவுச்சொல் ஆபீஸ் முழுக்கத் தெரியும். யாரும் மூச்சு விட்டதில்லை.

போன டுரியான் பழ சீசனில் லோரிகளை நிறுக்கும் கணினியை மாற்றினார்கள். புதியது சான்றிதழையும் சாவியையும் தனித்தனிக் கோப்பாகக் கேட்டது. கொடுக்கும்வரை நிறுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வெயிலில் வரிசை கட்டின. அண்ணனோ வயிறுமுட்ட டுரியான் தின்று, உடம்பு சூடேறி, தொண்டை கட்டிப்போய் வந்திருந்தார். குரல் சுத்தமாக இல்லை.

கையால் சுவரைக் காட்டினார். திரும்பினோம். தட்டும் சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி தட்டல், மறுபடி பெருமூச்சு. வாய் சொல்லாமல் விரல் ஓடவில்லை!

வெளியே ஒரு லோரிக்காரர், "கொல கெட்டுப் போவுது, என்னலா செய்றீங்க!" என்று கத்தினார். மேனேஜர் சுவரைப் பார்த்தபடியே, "ஹெட் ஆபீஸ்ல வேற ஆளக் கேக்கவா?" என்றார். தட்டும் சத்தம் நின்றுபோனது. இருபது வருட சர்வீஸில் அண்ணன் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்போது என் பக்கத்தில் நின்ற எங்கள் ஆபீஸ் புஷ்பாக்கா, சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார்: "பெரிய ஏ."

மேனேஜர் கனைத்துக்கொண்டு, "எம்" என்றார்.

"எஸ்" என்றேன் நான். பின்னால் தட்டும் சத்தம் மெல்லத் தொடர்ந்தது. நட்சத்திரங்களை எல்லோரும் சேர்ந்தே சொன்னோம். இரண்டு கோப்புகளும் வந்தன. முதல் லோரி நகர்ந்தது.

அண்ணன் காற்றாகக் கேட்டார்: "எப்பலேருந்து தெரியும்?"

"என்னாண்ணே தெரியும்?" என்றார் புஷ்பாக்கா, திரும்பாமலேயே. "நாங்க சொவரத்தானே பாத்துக்கிட்டு இருக்கோம்."

அண்ணனின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.