அக்கம்பக்கம் பார்க்கிறவர்

அக்கம்பக்கம் பார்க்கிறவர் என்றொரு இனம் உண்டு. வீடு தேடுகிறவர் வேறு, இவர் வேறு. வீடு தேடுகிறவருக்கு ஒழுகாத கூரையும் ஓடுகிற தண்ணீரும் போதும். இவருக்கோ தெருவே தேர்வெழுதித் தேற வேண்டும்.

ஸ்வீடனின் வடக்கே ஊமியோவிலிருந்து கோத்தன்பர்க்குக்கு மாற்றலாகி வந்த தோர்பியோனைப் பாருங்கள். மனைவி மாரீட்டும் கைக்குழந்தையும் அவள் அக்கா வீட்டு சோபாவில் குளிர்காலம் முழுக்க முடங்கிக் கிடக்க, இவர் ஒரே தெருவைக் காலையில் பார்த்து, மழையில் பார்த்து, வெள்ளிக்கிழமை ராத்திரி யார் குடித்துவிட்டுக் கத்துகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, மாடிப்படியை மோந்து, குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்து, கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்.

பல நாட்டு ஜனங்கள் கலந்து வாழும் பேட்டை என்றால் அவருக்கு உயிர். அங்கே போய் ஃபலாஃபல் வடை தின்பார், வாயாரப் புகழ்வார். குடி போகலாமா என்றால், பள்ளிக்கூடம் தூரம் என்பார். பள்ளிக்கூடம் எதிரிலேயே இருக்கும்.

ஒருநாள் அக்கா சோபாவை விற்கப்போவதாகச் சொன்னாள். சொன்ன தோரணையில், சோபா மட்டும் போகப்போவதில்லை என்று மாரீட்டுக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வீட்டைப் பார்க்க அவரை இழுத்துக்கொண்டு போனாள். நல்ல வெளிச்சமான வீடு. இவர்கள் பூட்ஸைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, "நீங்கதான் வரப்போறீங்களா? புள்ள பேரு என்ன?" என்று கேட்டுவிட்டார். படிக்கட்டில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம், அதுவும் ஸ்வீடனில்! தோர்பியோன் ஒற்றைக் கால் பூட்ஸோடேயே உள்ளே நழுவினார்.

"அக்கம்பக்கத்துல ஒட்டுறவா இருக்கணும்னு நீதானே சொன்ன?" என்றாள் மாரீட்.

"இருக்கட்டும். அதுக்காக நம்மகிட்டயா பேசுறது?"

தெரு சாயங்காலத்தில் எப்படி இருக்கிறது என்று அவர் பார்க்கப் போன நேரத்தில், அங்கே வீடெல்லாம் ஏலத்தில்தான் விற்பார்கள் என்பதால், போனிலேயே விலை கேட்டு வீட்டை முடித்துவிட்டாள்.

குடிவந்த மறுநாள் வேலைக்குக் கிளம்பிய தோர்பியோன், அண்டைவீட்டாரை எதிர்ப்படாமல் போகும் ஊர் வழக்கப்படி கதவுத் துளையில் கண்ணை வைத்து, படிக்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். எதிர்க்கதவுக்குப் பின்னால் சாவி குலுங்கியது. அந்தம்மாள் முதலில் போகட்டும் என்று இவர் காத்திருக்க, கதவு திறக்கவில்லை.

"சீக்கிரம் போ," என்றாள் மாரீட். "அந்தம்மா பாவம், எவ்வளவு நேரம் நிப்பாங்க? நேத்து கீழ பொதுவா துணி துவைக்கிற ரூம்ல என்கிட்ட சொன்னாங்க. உன் வீட்டுக்காரருக்குப் பேசினா பிடிக்கல போல, இனிமே அவரு போனப்புறமே நான் வெளிய வரேன்னு."

ஒரே நாளில் அக்கம்பக்கம் அவருக்குப் பிடித்தபடி ஆகிவிட்டது.

நீங்களும் புது ஊரில் ஒரு தெருவுக்குள் நுழைந்து மூக்கைச் சுளிக்கும்போது, மேலே ஏதாவது ஜன்னல் திரை அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், நல்லா இருந்த பேட்டைக்கு யாரோ வருகிறார்களே என்று அங்கே ஒருவர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.