கையால் இழுத்தால் உறுமும் கார்

குப்பை லாரி முந்திப் போனதைக்கூடக் கண்ணாடிக்காரர் மன்னித்திருப்பார். முந்திய பிறகு அதன் டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, ‘வா, வா’ என்று கூப்பிட்டதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“மேட்டுல ஏன் இப்படி முனகுது இந்த வண்டி?”

“மேடுன்னா முனகத்தாங்க செய்யும்,” என்றாள் மனைவி. “நாம போற வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு. அவர் எழுந்து எங்கயும் ஓடிடப் போறதில்ல. மெதுவாவே போங்க.”

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். பின்சீட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீல ரப்பர் பந்து, மடக்குக் கட்டில், எடைக் கட்டைகள் எல்லாம் நசுங்கிக்கொண்டு கிடக்கும். இவற்றை ஏற்றிப் போவதற்காகத்தான், வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா, தன் பழைய டீசல் காரைக் கல்யாணத்தின்போது கொடுத்தார். கண்ணாடிக்காரர் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த வண்டியில்தான். கற்ற முதல் வாரத்திலேயே மாமனார் வீட்டு கேட்டைத் திறக்காமல் உள்ளே போனார். அதற்கப்புறம் எட்டு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் கிடையாது. தன் கை தேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவருடைய தொழில் மூக்குக்கண்ணாடி விற்பது. ஊரில் யாருக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தங்களுக்கு எல்லாமே தெரியும் என்று ஓர் எண்ணம் வந்துவிடும். இவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது.

மறுநாள் வண்டியைச் சர்ஜனிடம் கொண்டுபோனார். சர்ஜன் ஒரு மெக்கானிக். கைக்கு வந்த எந்த இன்ஜினையும் அவர் பிரிக்காமல் திருப்பி அனுப்பியதில்லை என்பதால் வந்த பெயர் அது. அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. பானெட்டுக்குள் தலைகீழாகக்கூடத் தொங்குவார், ஆனால் வண்டிக்குள் ஏறி உட்கார மாட்டார்.

“சீட்டுல உக்காந்தா டிரைவர். வெளிய நின்னாத்தான் சார் மெக்கானிக்.”

சர்ஜன் பானெட்டைத் தூக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் அசையும் டீசல் பம்பின் லீவரைக் கையாலேயே முழுக்க இழுத்தார். கொட்டகையின் தகரக்கூரை அதிர, இன்ஜின் உறுமிற்று.

“இதுக்கா வியாதி? புலி சார் இது.”

“ரோட்டுல பூனையால்ல இருக்கு?”

சர்ஜன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “நிக்கிறப்ப உறுமுது. ஓடுறப்ப முனகுது. அப்படின்னா பாரத்தத் தாங்கல. இன்ஜினுக்குள்ள காத்தத் திணிக்கிற டர்போ பத்தல சார். பெருசா ஒண்ணு போட்டுருவோம்.”

ஒரு மேடு ஏறுவதற்குத் தொடங்கிய வைத்தியம் அத்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் ஞாயிறு காலைதோறும் நானூறு மீட்டர் கார்ப் பந்தயம் நடக்கிறது என்று சர்ஜன் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். கண்ணாடிக்காரர் அங்கே போய் ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். இருபத்தொரு நொடி. பதினான்கு நொடிக்குள் வருகிறவர்களை அங்கே மனிதர்களாக மதித்தார்கள். அவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பேசாமல் டயரை உதைத்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் அப்படி உதைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பெரிய டர்போ வந்தது. சோற்றுப் பானை அளவுக்கு இருந்தது. அதைப் போட்டதும் நேரம் இருபத்திரண்டு நொடியாகக் கூடியது.

“பெரிய டர்போ சார். அதச் சுத்த வைக்க டீசல் நிறைய வேணும்,” என்றார் சர்ஜன்.

டீசல் நிறையப் பாய்ச்சும் இன்ஜெக்டர்களைப் போட்டார்கள். வண்டி வேகமாகப் போகவில்லை. ஆனால் போன வழி எல்லோருக்கும் தெரிந்தது. தெருவில் கரும்புகை சுவர் மாதிரி நின்றது. எதிர்வீட்டம்மா மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இது காலைல வெள்ளையா இருந்துச்சு.”

“புகை வந்தா பவர் வருதுன்னு அர்த்தம்மா,” என்றார் கண்ணாடிக்காரர்.

“அந்தப் பவர வச்சு இத வெளுத்துக் குடுங்க.”

வருகிற பவரைக் கிளட்ச் தாங்காது என்று அடுத்து சர்ஜனுக்குத் தோன்றியது. பந்தயக் கிளட்ச் போட்டார். அதை மிதிப்பதற்கு மாட்டின் பலம் வேண்டும். இரண்டே வாரத்தில் கண்ணாடிக்காரரின் இடது முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மனைவி காலை நீட்டச் சொல்லிப் பட்டையைக் கட்டினாள்.

“நல்லதாப் போச்சு. நோயாளியப் பாக்க இனிமே வெளிய போக வேண்டியதில்ல. வீட்டுலயே ஒருத்தர் இருக்கார்.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. ஐந்து மாதமாக வண்டி பாதி நாள் கொட்டகையில் கிடந்தது. அவள் கட்டிலை ஒரு தோளிலும் எடைக் கட்டைகளை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு, பந்தைக் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் போனாள். பந்துக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டர்கள் உண்டு. நேரத்துக்கு வராததால் மூன்று வீட்டில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். முழங்கால் பெரியவர் இவளுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே எழுந்து நடக்கப்போய், கீழே விழுந்து, மறுபடி படுக்கைக்குப் போனார். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். கண்ணாடிக்காரர் அப்போது செல்போனில் யாரோ ஒருவர் தன் காரின் கதவில் துளை போடும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடை! எடையக் குறைக்கணும்!” என்று துள்ளி எழுந்தார்.

பின்சீட்டைக் கழற்றினார். முன்னால் இருந்த இரண்டாவது சீட்டும் போயிற்று. ஏசி, ஸ்டெப்னி, ரேடியோ, கைப்பிடிகள், மேற்கூரைத் துணி எல்லாம் போயின. கழற்ற முடியாததில் துளை போட்டார். கதவின் உள்தகட்டில் துளை, சீட்டின் காலில் துளை, பெடல்களுக்கு அடியில் தரையோடு ஒட்டிக்கிடந்த இரும்புக் கட்டையில் நான்கு துளை, கியர் கம்பியின் குமிழில் ஒரு துளை. துளைத்தெடுத்த இரும்புத் துருவல்களை மூக்குக்கண்ணாடி டப்பாவில் சேர்த்துவைத்து, வருகிறவர்களுக்குக் காட்டினார்.

“உங்க எடையயும் கொஞ்சம் குறைக்கலாம் சார்,” என்றார் சர்ஜன் பணிவாக. மறுநாளிலிருந்து கண்ணாடிக்காரர் இரவுச் சாப்பாட்டை விட்டார்.

இத்தனைக்கும் பிறகு நேரம் இருபத்தொரு நொடி. ஏழு மாதம் பாடுபட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். கொட்டகையில் சர்ஜன் லீவரைக் கையால் இழுத்தால் மட்டும் இன்ஜின் வானத்தைப் பிளந்தது. சர்ஜன் அதைக் கேட்டுக் கண்கலங்கினார்.

“வண்டில குத்தமே இல்ல சார். ரோடுதான் சரியில்ல.”

மனைவி ஒருநாள் தன் அப்பாவை வரவழைத்து உட்காரவைத்துக்கொண்டு பேசினாள்.

“இந்த ஞாயித்துக்கிழம கடைசி. பதினாலு நொடிக்குள்ள வந்துட்டீங்கன்னா நான் ஆயுசுக்கும் பஸ்லயே போறேன், வாயத் திறக்க மாட்டேன். வரலேன்னா சாவி எனக்கு. அப்புறம் நீங்க அந்த ஸ்டீயரிங்கத் தொடக் கூடாது. எங்கப்பா முன்னாடி சொல்லுங்க.”

“சொல்றேன். மாமா, நீங்களும் வந்து பாருங்க.”

மாமனார் அதிகம் பேசுகிறவர் இல்லை. “வர்றேன் மாப்பிள்ளை,” என்றார்.

ஞாயிறு காலை ஓடுதளத்தில் கண்ணாடிக்காரருக்கு ஜோடியாக வந்து நின்றது ஒரு பள்ளிக்கூட டீச்சரின் சின்னக் கார். அந்த அம்மாள் தம்பியைக் கொண்டுவந்து விட வந்தவர். ஜோடிக்கு ஆள் குறைகிறது என்று கேட்டதால் ஒப்புக்கொண்டார். பின்சீட்டில் குழந்தை நாற்காலியும் காய்கறிப் பையும் இருந்தன.

“இதையெல்லாம் இறக்கணுமா?” என்று கொடி ஆட்டுகிறவரைக் கேட்டார்.

“விருப்பம் போலம்மா.”

“அப்ப இருக்கட்டும். முட்டை இருக்கு, எடுத்து வைக்கறதுக்குள்ள உடஞ்சிரும்.”

கண்ணாடிக்காரர் ஏளனமாகச் சிரித்தார். கொடி விழுந்தது. அவர் உயிரைக் கொடுத்து மிதித்தார். கரும்புகை கிளம்பி ஓடுதளம், கூட்டம், கொடி ஆட்டுகிறவர் எல்லோரையும் மூடிக்கொண்டது. எல்லோரும் இருமினார்கள். புகை விலகியபோது டீச்சர் அந்தக் கோடியில் காரை விட்டு இறங்கி, முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.

“இருபத்தொண்ணு,” என்று அறிவித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவர்களில் ஒருவர் வந்து டயரை உதைக்காமலே திரும்பிப் போனார்.

சர்ஜன் ஓடிவந்து பானெட்டைத் திறந்தார். “பதறாதீங்க சார். இன்னும் பெரிய டர்போ ஒண்ணு இருக்கு, கப்பல்ல போடறது...”

“அதக் கப்பல்லயே போடுங்க,” என்று சொல்லிவிட்டு மனைவி கையை நீட்டினாள். “சாவி.”

கண்ணாடிக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் வேறெங்கோ பார்த்தார். சாவி கைமாறியது. அந்த ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஏழு மாதம் பந்தைக் கட்டிப்பிடித்துப் பஸ்ஸில் நின்றவளுக்கு இல்லை.

அவள் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்த கட்டிலையும் எடைக் கட்டைகளையும் காருக்குள் வைத்தாள். பின்சீட் இல்லாததால் நீலப் பந்து முதல்முறையாக நசுங்காமல் உட்கார்ந்தது. இந்த ஏழு மாதத்தில் அந்த வண்டிக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

“மாமா, நான் மனசாரத்தான் ஓட்டினேன்,” என்றார் கண்ணாடிக்காரர்.

“முழுசா மிதிச்சீங்களா மாப்பிள்ளை?”

“அதுக்கு மேல போகாதுங்கற வரைக்கும் மிதிச்சேன் மாமா. எட்டு வருஷமா அப்படித்தான மிதிக்கிறேன்!”

மாமனார் ஏதோ நினைவுக்கு வந்தவர்போல் நெற்றியைச் சொறிந்தார். “இரும்மா, நீ ஓட்டப்போற வண்டி. கீழ ஒருதரம் பாத்துடறேன்,” என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, முட்டி போட்டுக் குனிந்து, பெடல்களுக்கு அடியில் கையை விட்டார். வெகுநேரம் தடவிப் பார்த்தார். சர்ஜன்கூடப் பானெட்டை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். மாமனார் தலையை வெளியே எடுத்து, மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் மாப்பிள்ளை, நீங்க என் கேட்ட இடிச்ச அன்னிக்கு, ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல இறங்கவே கூடாதுன்னு நான் வெல்டு வச்ச கட்ட இது, இதுல நாலு ஓட்டை போட்டீங்களே, இது என்னத்துக்கு இங்க இருக்குன்னு ஒரு தடவகூடவா யோசிக்கல?”